போல்டா, ஸ்டட்டா? காடிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது எது

கோலாலம்பூர்ப் பக்கம், ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரத்தில், மழை விட்டும் விடாத ஒரு சனிக்கிழமை இரவு. டயர் பஞ்சர். ஜாக்கி ஏற்றியாயிற்று, பழைய சக்கரத்தைக் கழற்றியாயிற்று, ஸ்பேர் சக்கரத்தைத் தூக்கி மாட்டுவது மட்டும்தான் பாக்கி. அந்தப் பாக்கி முக்கால் மணி நேரத்தைத் தின்றது.

அதற்கு முன் ஏழு வருஷம் பெரோடுவா மைவி ஓட்டியவன் நான். மைவியில் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே நான்கு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். சக்கரத்தின் ஓட்டைகளை அவற்றில் கோத்துத் தள்ளினால், ஆணியில் சட்டையை மாட்டியது போலத் தொங்கும். அப்புறம் நிதானமாக நட்டுகளைப் போட்டுக்கொள்ளலாம். அந்த இரவில் என்னிடம் இருந்தது இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். கழற்றிவிட்டுப் பார்த்தால் ஆணி ஒன்றும் இல்லை. வெறும் ஐந்து ஓட்டைகள். இருபது கிலோ பக்கம் கனக்கும் சக்கரத்தை முழங்காலால் முட்டுக்கொடுத்து, ஓட்டைக்கு ஓட்டை நேராக்கி, மற்றக் கையால் போல்டைத் துழாவி எடுத்து நுழைக்க வேண்டும். நுழைக்கப் போகிற நேரம் பார்த்துச் சக்கரம் ஒரு விரல் அகலம் நழுவும். மறுபடி முதலிலிருந்து. டார்ச் லைட்டைப் பல்லில் கடித்திருந்ததால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை.

திங்கட்கிழமை, செந்தூலில் எனக்குப் பழக்கமான டயர் கடை அண்ணனிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "ஜெர்மன் காடி தம்பி, அப்படித்தான்லா இருக்கும். ஸ்டட் மாத்திக்கிறியா?"

போல்டை எடுத்துவிட்டு ஸ்டட்டும் நட்டும் போடுவது என்றால் என்ன, எதற்கு, யாருக்கு என்று அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டும் படித்தும், கடைசியில் மச்சான் காடியில் கூட இருந்து செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை, அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டு வகை ஹப்

சக்கரம் போய் உட்காரும் சுழல்பாகத்துக்கு ஹப் என்று பெயர். மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம் என்பார்களே, அதன் பேரப்பிள்ளை. நாம் ரிம் என்று சொல்லும் உலோகச் சக்கரம் அதன் முகத்தில் அழுந்தி நிற்கிறது.

அண்ணன் கடையின் பின்பக்கம் போய் இரண்டு பழைய ஹப்புகளைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஒன்று புரோட்டோன் சாகாவினுடையது. அதன் முகத்தில் நான்கு கம்பிகள் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அவைதான் ஸ்டட். திருப்பிக் காட்டினார்: பின்புறம் ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் ஒரு தலை, தலைக்குக் கீழே நாணயத்தின் விளிம்பு போல வரிவரியான பள்ளங்கள். அந்த வரிகள் ஹப்பின் ஓட்டையைக் கடித்துக்கொள்ளும்படி பின்னாலிருந்து அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். மரை முன்பக்கம் மட்டும்தான். அதில்தான் நட்டு ஏறும்.

இன்னொன்று கோல்ஃபின் ஹப். வழவழப்பான வட்ட முகம், உள்ளே மரை வெட்டிய ஐந்து துளைகள், நடுவில் வட்டமாக எழும்பிய ஒரு விளிம்பு. ஓரமாக ஆறாவதாக ஒரு சின்னத் துளை. அது எதற்கு என்றேன். பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் குட்டித் திருகாணிக்காம். ஸ்டட் உள்ள காடியில் டிஸ்க்கும் அந்தக் கம்பிகளிலேயே தொங்கிக்கொள்ளும். போல்டு காடியில் தொங்குவதற்கு இடமில்லாததால், சக்கரம் இல்லாதபோது டிஸ்க் கழன்று விழாமலிருக்க அந்த ஒற்றைத் திருகாணி. ஏதோ ஒரு வழியில் போல்டுக்காரர்களும் இந்தத் தொங்கவிடும் பிரச்சினையை உணர்ந்துதான் இருக்கிறார்கள். டிஸ்க்கோடு நிறுத்திக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சாலையில் பெரும்பாலானவை ஸ்டட் காடிகள். காரணம் பரம்பரை. 1985இல் வந்த முதல் சாகா மிட்சுபிஷியின் அடித்தளத்தில் பிறந்தது. 1994இல் வந்த கஞ்சில் டைஹாட்சு வழி. 2005இல் வந்த மைவியும் அதே வழிதான். ஜப்பான்காரர்கள் ஸ்டட்டும் நட்டும் வைப்பவர்கள். டொயோட்டா, ஹோண்டா, நிசான் எதை எடுத்தாலும் அதே கதை. கொரியாக்காரர்களும் அப்படியே. ஃபோக்ஸ்வாகன், ஆடி, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், போர்ஷே, மினி போன்ற ஐரோப்பியக் காடிகளில்தான் போல்டு. அதனால்தான் இங்கே பழகிய கைக்கு ஜெர்மன் காடியின் சக்கரம் முரண்டு பிடிக்கிறது.

ஆனால் போல்டு ஏதோ தப்பான வடிவமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு போல்டின் மரை கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போல்டை எடுத்துக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை. அழுத்தி ஏற்றிய ஸ்டட் கெட்டால் சுத்தியலால் அடித்துப் பின்னால் தள்ளி, புதியதை இழுத்து ஏற்ற வேண்டும். மறுபக்கம், போல்டு காடியில் ஹப்பின் உள்மரை கெட்டுப்போனால் கதை பெரிசு. கோல்ஃப் போன்ற காடிகளில் ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டு. ஒரு துளை போனால் அந்த முழுத் துண்டுக்கும் பணம் அழ வேண்டிவரும், அல்லது துளையைப் பெரிதாக்கி உள்ளே மரைச்சுருள் வைத்து ஒப்பேற்ற வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டட் மாற்றுவதற்கான உருப்படியான காரணம் இங்கேதான் இருக்கிறது.

சக்கரம் எதில் நிற்கிறது?

"காடியோட பாரத்தை இந்த அஞ்சு போல்டுதானே தாங்குது?" என்று கேட்டேன். அண்ணன் தலையை ஆட்டினார். இல்லையாம். எனக்கு இது புதுச் செய்தி.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிட்டு, நடுவில் ஒரு புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அது கீழே விழவில்லை. விரலில் மாட்டித் தொங்குகிறதா? இல்லை. கைகளின் அழுத்தமும், அதனால் உண்டாகும் உராய்வும் பிடித்திருக்கின்றன. சக்கரமும் இப்படித்தான். போல்டோ நட்டோ செய்யும் வேலை, ரிம்மை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அமுக்குவது. அந்த அமுக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் காடி வேகமெடுக்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் சக்கரத்தை அசையவிடாமல் வைக்கிறது. அமுக்கம் குறைந்தால் ரிம் மயிரிழை மயிரிழையாக ஆடத் தொடங்கும். அப்போதுதான் போல்டுகள் வெட்டும் விசையை வாங்கி, ஒவ்வொன்றாக ஒடியும்.

அமுக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், போல்டு நீள்வதிலிருந்து. இரும்புதான், ஆனாலும் முறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபட்டு, ஸ்பிரிங் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவையே பிடி. நாம் ஸ்பானரில் கொடுக்கும் முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவைக்குப் போகிறது. பாதிக்குப் பாதி தலைக்கடியிலும், மீதி மரைகளுக்கு இடையிலும் உராய்வாகச் செலவாகிவிடுகிறது. சமையலறையில் மாவைப் பிழிந்து கொடுத்தவர்களுக்கு இது புதிதல்ல: அச்சில் போடும் பலம் வேறு, வெளியே வரும் முறுக்கு வேறு.

கணக்கைப் பாருங்கள். கோல்ஃபின் போல்டு 14 மில்லிமீட்டர் விட்டம். இறுக்கச் சொல்லும் அளவு 120 நியூட்டன் மீட்டர். உலர்ந்த மரைக்குப் பொறியாளர்கள் போடும் எளிய கணக்கின்படி ஒரு போல்டின் இழுவை ஏறக்குறைய 43,000 நியூட்டன் வருகிறது. அதாவது நான்கு டன்னுக்கு மேல் எடையை அந்த ஒரு போல்டில் தொங்கவிட்டது போல. ஐந்தையும் கூட்டினால் 20 டன்னைத் தாண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட் உள்ள டொயோட்டாக்களில் 103 நியூட்டன் மீட்டர் என்பார்கள். அதே கணக்கைப் போட்டால் அங்கேயும் ஒன்றுக்கு 43,000 நியூட்டன் பக்கம்தான். ஜெர்மனிக்காரனும் ஜப்பான்காரனும் வேறு வேறு வழியில் நடந்து ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

ஆகவே போல்டை எடுத்துவிட்டு ஸ்டட் போட்டால் சக்கரம் இன்னும் உறுதியாக நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரியாக இறுக்கிய போல்டும் சரியாக இறுக்கிய நட்டும் தரும் பிடி ஒன்றுதான். மாறுவது இரண்டு விஷயங்கள்: வேலையின் சுலபம், தேய்மானம் விழும் இடம்.

கண்ணில் படாத வளைவு

இந்தச் சமாசாரத்தில் பணமும் உயிரும் போகிற இடம் ஒன்று உண்டு. அது ஸ்டட்டில் இல்லை, நட்டு உட்காரும் இருக்கையில் இருக்கிறது.

போல்டின் தலைக்கடியையும் ரிம்மின் ஓட்டை வாயையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் வடிவில் கடைந்திருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன், ஆடி காடிகளின் சொந்த ரிம்மில் இந்த வடிவம் உருண்டை. 13 மில்லிமீட்டர் ஆரமுள்ள பந்தின் ஒரு துண்டு. கடைகளில் விற்கும் வெளி ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம், 60 பாகை. பி.எம்.டபிள்யூ.வின் சொந்த ரிம்மிலும் கூம்புதான். ஹோண்டாவின் சொந்த ரிம்மில் உருண்டை, ஆனால் 12 மில்லிமீட்டர் ஆரம்.

உருண்டைப் பள்ளத்தில் கூம்பு நட்டைப் போட்டால் என்ன ஆகும்? உட்கார்ந்தது மாதிரிதான் தெரியும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்கூட 120இல் 'டக்' என்று சொல்லும். ஆனால் உள்ளே முழுப் பரப்பும் தொடாமல், ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். நாலு நாள் ஓடினால் அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கும், போல்டின் இழுவை தளரும், பிடி போய்விடும். அண்ணன் என்னிடம் காட்டிய ஒரு பழைய ரிம்மில், ஓட்டையைச் சுற்றி நகக்கீறல் போலப் பளபளக்கும் ஒரு கோடு இருந்தது. அதன்மேல் விரலை வைத்தால் படி போலத் தடுக்கியது. "மரை கழண்டவன் போட்ட வேலை," என்றார். ரிம்மைச் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

எனவே ஸ்டட் செட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு வெள்ளி?" அல்ல. "என் ரிம்முக்கு உருண்டையா, கூம்பா?" என்பதுதான். காடியின் பெயரை மட்டும் சொல்லி நட்டு வாங்காதீர்கள். ரிம்மைக் காட்டி வாங்குங்கள்.

பக்கத்திலேயே இன்னொரு குழி. ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிம்கள் இங்கே மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றுக்கு ஐந்து ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர், கோல்ஃபுக்கு 112. "ரெண்டே முக்கால் மில்லிகூட இல்ல பாஸ், மெல்லிசு ஸ்டட் போட்டா ஏறிடும்" என்பார்கள். ஏறும். 14க்குப் பதில் 12 மில்லிமீட்டர் ஸ்டட் போட்டால் ஓட்டையில் இடம் கிடைக்கும்தான். ஆனால் ஒவ்வொரு நட்டும் மையத்திலிருந்து 1.15 மில்லிமீட்டர் விலகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். மேலே சொன்ன அதே வளையக் கோடு, இம்முறை பாதி வளையம். இந்த யோசனைக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன்: வேண்டாம்.

ரிம்மின் நடு ஓட்டையும் ஹப்பின் நடு விளிம்போடு பொருந்த வேண்டும். கோல்ஃபுக்கு அது 57.1 மில்லிமீட்டர். வெளி ரிம்மின் ஓட்டை பெரிசாக இருந்தால் இடையில் ஒரு வளையம் போடுவார்கள். ஸ்டட் மாற்றினால் வளையம் தேவையில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது, தேவைதான்.

யாருக்கு இது பயன்?

என் மச்சான் செப்பாங் சர்க்யூட்டில் காடி ஓட்டப் பணம் கட்டிப் போகிறவன். 1999 முதல் 2017 வரை எஃப்-1 பந்தயம் நடந்த அதே பாதையில், தன் பழைய கோல்ஃப் ஜி.டி.ஐ.யைக் கொண்டுபோய் டயரைக் கரைத்துவிட்டு வருவான். எஃப்-1 காடிகளுக்கு நடுவில் ஒரே ஒரு நட்டு. இரண்டு மூன்று விநாடியில் சக்கரம் மாறிவிடும். மச்சானுக்கு ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்டு, நான்கு சக்கரத்துக்கு இருபது. வீட்டிலிருந்து போகும்போது ஒரு செட் ரிம், அங்கே போய் வேறு செட், திரும்பும்போது பழையபடி. ஒரு நாளில் நாற்பது தடவை போல்டைக் கழற்றி, நாற்பது தடவை பூட்டுகிறான். ஒவ்வொரு தடவையும் ஹப்பின் உள்மரை கொஞ்சம் தேய்கிறது. பிரேக் சூட்டில், அவசரத்தில், கொஞ்சம் கோணலாக ஒரு போல்டை ஏற்றிவிட்டால் அன்றே மரை போச்சு.

ஸ்டட் இங்கேதான் உதவுகிறது. ஒருமுறை ஹப்புக்குள் ஏறிய ஸ்டட் அங்கேயே தங்கிவிடும். அதன்பின் ஹப்பின் மரைக்கு வேலையில்லை. தேய்வது ஸ்டட்டின் வெளிமரையும் நட்டும். இரண்டும் ஹப்பைவிட மலிவு, மாற்றுவதும் சுலபம். பந்தயப் பாதையில் ஓட்டுபவர்கள் ஸ்டட்டை டயர், பிரேக் பேட் மாதிரி தேய்பொருளாகவே கணக்கு வைத்து, அவ்வப்போது மாற்றிவிடுவார்கள்.

ஸ்பேசர் போடுகிறவர்களுக்கும் இது வசதி. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் தட்டு வைத்தால் போல்டும் 15 மில்லிமீட்டர் நீளமாக வேண்டும். 27 இருந்த இடத்தில் 42. நாளை 10 மில்லிமீட்டர் தட்டுக்கு மாறினால் 37. ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு செட் போல்டு. மாற்றிப் போட்டால் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு: குட்டையாக இருந்தால் மரையில் போதிய பிடி இருக்காது, நீளமாக இருந்தால் ஹப்பின் பின்பக்கம் நீட்டிக்கொண்டு, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் போன்றவற்றில் உள்ளே இருக்கும் ஹேண்ட் பிரேக் கட்டைகளை உரசும். போதுமான நீளத்தில் ஸ்டட் இருந்தால் தட்டு மாறினாலும் நட்டு அதேதான். மிஞ்சிய நுனி நட்டின் திறந்த வாய் வழியே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

என்னைப் போல வருஷத்துக்கு இரண்டு முறை டயர் சுழற்சிக்கும், எப்போதாவது பஞ்சருக்கும் சக்கரம் கழற்றுகிறவர்களுக்கு? தேவையில்லை என்பது என் தீர்மானம். ஸ்டட் விற்கிற அண்ணனே எனக்கு அதைத்தான் சொன்னார். மேசை இழுப்பறையைத் திறந்து, விரலைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு குச்சியை எடுத்துக் கையில் வைத்தார். ஒரு முனையில் 14 மில்லிமீட்டர் மரை, மீதி வழவழப்பு. அதைக் கையாலேயே ஹப்பின் மேல் துளையில் திருகிவிட வேண்டும். சக்கரத்தை அதில் கோத்துத் தொங்கவிட்டு, மற்ற நான்கு போல்டுகளையும் கையால் ஏற்றி, கடைசியில் குச்சியைக் கழற்றிவிட்டு ஐந்தாவதைப் போட வேண்டும். சில காடிகளின் டூல் பையிலேயே இதைக் கொடுத்திருப்பார்கள். பழைய காடிகளில் அது தொலைந்து போயிருக்கும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நான் பட்ட முக்கால் மணி நேரத்தின் விலை, பசியாறக் கொடுக்கும் காசைவிடக் கொஞ்சம்தான் கூட.

மச்சான் வீட்டுப் போர்ச்சில் ஒரு ஞாயிறு

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும், போமன் எந்தப் படியைத் தாண்டிப் போகிறார் என்று கவனிக்கலாம்.

மச்சான் வாங்கிய ஸ்டட்டின் இரண்டு முனையிலும் மரை. ஒரு முனை ஹப்புக்கு, மறுமுனை நட்டுக்கு, நடுவில் மரையில்லாத ஒரு சின்ன இடைவெளி. நுனி தோட்டா போலக் குவிந்திருந்தது. சக்கரத்தைக் கோக்கவும் நட்டை நேராக ஏற்றவும் அந்த வடிவம் உதவும். பெட்டியில் 10.9 என்று தர எண். முதல் எண் இழுவலிமை: சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன். புள்ளிக்குப் பின்னால் இருப்பது, அதில் 90 விழுக்காடு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதன் குறி. தர எண்ணே இல்லாத, பளபளவென்று வானவில் நிறத்தில் வரும் செட்டுகளை நான் அலமாரியில் அழகுக்குக்கூட வைக்க மாட்டேன்.

சக்கரம், டிஸ்க் எல்லாம் கழற்றி, ஹப்பின் துளைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தோம். முதல் துணி கறுப்பாக வந்தது, இரண்டாவது பழுப்பு, நான்காவதுதான் வெள்ளை. நம் ஊர் ஈரத்தில் துரு இல்லாத ஹப் ஏது. ஹப்பின் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் இதே போலத் தேய்க்க வேண்டும். நடுவில் துருச்செதில் இருந்தால் பின்னால் அது நசுங்கி, இறுக்கம் தளரும்.

பசை போடாமல் முதலில் ஒரு ஸ்டட்டைக் கையாலேயே ஏற்றிப் பார்த்தோம். விரலால் முழுக்க ஏற வேண்டும். பாதியில் நின்றால் மரையில் அழுக்கோ காயமோ இருக்கிறது. ஏறியதும் ஹப்பின் பின்பக்கம் விரல்விட்டு, நுனி எங்கேயும் நீட்டவில்லை, எதையும் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு ஹப் முனையின் மரையில் சிவப்பு லாக்டைட் இரண்டு சொட்டு. நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிடாமல் இருக்கத்தான் இந்தப் பசை. அப்படி வந்தால், அடுத்த முறை மாட்டும்போது அது எவ்வளவு உள்ளே ஏறியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். சிவப்பைப் போட்டால் பின்னால் கழற்ற ஹீட் கன்னோ கேஸ் டார்ச்சோ வேண்டும். 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு காட்டினால்தான் விடும். சிலர் நீலம் போதும் என்பார்கள். ஸ்டட் செய்தவர் காகிதத்தில் எதைச் சொல்கிறாரோ அதைக் கேளுங்கள்.

மச்சான் ஒரு தப்பு செய்யப் பார்த்தான். ஸ்டட்டையும் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கப் போனான். கூடாது. ஸ்டட் ஹப்புக்குள் நிற்பதற்குச் சின்ன இறுக்கம் போதும்; அந்த அளவும் காகிதத்திலேயே இருக்கும். ஸ்டட்டை இழுத்துப் பிடிப்பது நட்டின் வேலை. ஸ்டட்டைத் திருகத் தலையில்லையே என்றால், இரண்டு நட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கினால் அதுவே தற்காலிகத் தலை. சில ஸ்டட்டுகளின் நுனியில் ஆலன் சாவிக்குக் குழியே இருக்கும்.

பசை முழுதாகக் காய 24 மணி நேரம். மச்சானுக்குப் பொறுமை கிடையாது. காடிச் சாவியை அக்காவிடம் கொடுத்து வைத்தோம்.

மறுநாள் சக்கரத்தைத் தூக்கி மாட்டினோம். தொங்கியது. என் பழைய மைவி ஞாபகம் வந்தது. நட்டுகளை முதலில் கையால் ஏற்றினோம். அப்போது எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ண வேண்டும். இந்தப் பழக்கத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. மரையில் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவு பிடி வேண்டும் என்பது பொதுவான விதி. 14 மில்லிமீட்டர் ஸ்டட், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் என்றால் ஒன்பது சுற்றுக்கு மேல். 12 மில்லிமீட்டர், 1.5 என்றால் எட்டுச் சுற்று. நான்கைந்து சுற்றில் நின்றுவிட்டால் ஸ்டட் குட்டை. அந்த செட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

இறுக்கும்போது வட்டமாகப் போகக் கூடாது. ஐந்து முனை நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்று. இரண்டு மூன்று தடவையாக அளவைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் சக்கரம் தரையைத் தொட்டபின் டார்க் ரெஞ்ச்சால் முழு அளவு. ஃபோக்ஸ்வாகன் சொன்ன 120 இங்கேயும் அதேதான், நட்டு முனையும் 14 மில்லிமீட்டராக இருந்தால். நட்டு முனை 12 மில்லிமீட்டருக்குக் குறையும் ஸ்டட்டுகளும் விற்கின்றன. அவற்றில் உலோகக் குறுக்குப்பரப்பு சுமார் 30 விழுக்காடு குறைவு. அங்கே பழைய அளவைப் போடாமல் ஸ்டட் செய்தவர் தரும் அளவைப் போட வேண்டும்.

மரையில் எண்ணெய், கிரீஸ், துருநீக்கி ஸ்பிரே எதுவும் வேண்டாம். துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் உராய்வு குறைந்தால் அதே 120இல் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், ஸ்டட் உள்ளுக்குள் அலறும். டயர் கடையில் இம்பேக்ட் கன்னை வைத்து டர்ர்ர் என்று ஒரே மூச்சில் அடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். "அண்ணே, கடைசி இறுக்கு கையால் போடுங்க" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போய்ச் சேர்ந்தாலே கணக்குக்குச் சரி. எக்ஸ்பிரஸ் பேருந்துகளிலும் லோரிகளிலும் சக்கர நட்டுகளின் மேல் மஞ்சள் நிற பிளாஸ்டிக் அம்புகள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நட்டு தளர்ந்து சுழன்றால் அம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டிரைவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். நம் காடிக்கு அம்பு கிடையாது, நாம்தான் பார்க்க வேண்டும். அப்புறம், இப்படி மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது.

மச்சான் எல்லாவற்றையும் செய்தான், ஒன்றை மறந்தான். அவனுடைய நான்கு ரிம்களும் வெளி ரிம், கூம்பு நட்டு. பின்பெட்டியில் கிடக்கும் ஸ்பேர் சக்கரமோ காடியோடு வந்தது, உருண்டைப் பள்ளம். இரண்டு மாதம் கழித்துச் செப்பாங்கிலிருந்து திரும்பும்போது டயர் கிழிந்து, ஓரமாக நிறுத்தி எனக்குப் போன் போட்டான். ஸ்பேரை ஸ்டட்டில் தொங்கவிட்டாயிற்று, ஆனால் போடுவதற்குச் சரியான நட்டு இல்லை. பழைய போல்டுகள் இருந்தாலும் பயனில்லை. துளையில் ஸ்டட் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் கடையிலிருந்து ஐந்து உருண்டை நட்டுகளை வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, அவன் காடி மூக்கில் சாய்ந்து கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். அந்த ஐந்தும் இப்போது ஒரு பிளாஸ்டிக் பையில், ஸ்பேர் சக்கரத்தின் நடுக்குழியிலேயே கிடக்கின்றன. பையின்மேல் மார்க்கர் பேனாவால் அக்கா எழுதி வைத்திருக்கிறாள்: "ஸ்பேருக்கு மட்டும். எடுத்தால் திருப்பி வை."